உலக்கையோடு பள்ளிக்கூடம் போன வெள்ளிக்கிழமை

மூன்று ஆம்பிளைப் பிள்ளைகளைப் பெற்று, அவர்களுக்கு வீட்டிலேயே பாடமும் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி, வாரத்தில் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சும்மா உட்காராவிட்டால் அவளுக்குப் பைத்தியம் பிடிப்பது உறுதி. இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. (படித்ததே ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை.) அனுபவத்தில் சொல்கிறேன். நான் பேச்சுக்கு அஞ்சுகிறவள். இன்றைக்கும் வீட்டுக்கு ஆள் வந்தால் காபியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் யார் எதிர்த்துப் பேசினாலும் விடமாட்டேன்.

அப்படிப்பட்ட நான், நெற்றியில் எண்ணெய் வழிய வழிய, கிழிந்த சேலையோடு, கையில் உலக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்திருக்கிறேன். நூறு பிள்ளைகள் பார்த்தார்கள். பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கும். அவர்கள் வீட்டிலும் இந்தக் கதையைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால் சரியான கதையை நானே எழுதிவிடுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் எரியோட்டுக்குத் தெற்கே தோட்டத்துக்குள்ளேயே எங்கள் வீடு. சுற்றி வெங்காயமும் கம்பும். எங்களையும் சேர்த்து நாலே வீடு. பள்ளிக்கூடம் மூன்று மைல் தள்ளி, நடுவில் ஒரு ஓடை. மழைக்காலத்தில் அந்த ஓடையில் மாடுகூட இறங்காது. மூத்தவன் முத்து ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் ஓடையில் கால் வழுக்கி விழுந்துவிட்டான். பையும் சிலேட்டும் தண்ணீரோடு போயின. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் இவனை மட்டும் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஒரு முடிவு எடுத்தார்.

"பாலம் கட்டுற வரைக்கும் ஒரு பயலும் பள்ளிக்கூடம் போக வேணாம். நீதான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கியே புள்ள. நீயே சொல்லிக் குடு."

"நானா? நான் படிச்சு எம்புட்டு வருசமாச்சுங்க! பாதி மறந்து போச்சு."

"மறந்த பாதிய விட்டுரு. மிச்சத்தச் சொல்லிக் குடு."

இதைவிடச் சுருக்கமாக யாரும் பாடத்திட்டம் போட்டிருக்க முடியாது.

பாலம் வர ஐந்து வருசமானது. அதற்குள் அடுத்தவன் தங்கவேலும் சின்னவன் பாண்டியும் என் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். தனியாக உட்கார்ந்து பாடம் சொல்ல எனக்கு ஏது நேரம்? வேலை எங்கேயோ அங்கேதான் வகுப்பு. முறத்தில் கேப்பையைப் பரப்பி, விரலால் அ, ஆ எழுத வைத்தேன். கடையில் சீனியும் பருப்பும் மடித்துக் கொடுக்கிற பத்திரிகைத் தாளைப் பிரித்து வாசிக்க வைத்தேன். (எங்கள் வீட்டில் எந்தச் செய்திக்கும் முடிவு தெரியாது. மிச்சம் அடுத்த வீட்டுப் பருப்பைச் சுற்றிப் போயிருக்கும்.)

வாய்ப்பாடு மட்டும் உரலடியில். அப்போதெல்லாம் தினமும் கம்பு குத்தினால்தான் சோறு. நான் உலக்கையைப் போட்டுக்கொண்டே ஒரு வரி சொல்வேன். மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து திருப்பிச் சொல்வார்கள். எங்கள் உலக்கையின் அடியில் இருக்கிற இரும்புப் பூண் கொஞ்சம் கழன்றிருந்தது. போடும்போது தொம் என்றும், தூக்கும்போது ணங் என்றும் கேட்கும். ஒரு வரி, ஒரு தொம், ஒரு ணங். இப்படியே பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் போய்விட்டோம்.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். "நான் என்ன சொல்றேனோ அதை அப்படியே சொல்லணும். ஒரு எழுத்து மாறுனாலும் மொதல்ல இருந்து." எங்கள் வாத்தியார் அப்படித்தான் எங்களைப் படுத்தினார். நானும் அதே மாதிரி படுத்தினேன். எனக்குள் பெரிய பெருமை. தோட்டத்துக்குள் இருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடமே நடத்துகிறேனே என்று உலக்கையை இன்னும் ஒரு சாண் உயரத் தூக்கிப் போடுவேன்.

இத்தனைக்கும் நடுவில் வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு. நல்லெண்ணெயில் சிறுமலை மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் காய்ச்சி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் தேய்த்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகை மறைவில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவேன். தண்ணீர் அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் யாருக்கும் அம்மாவும் இல்லை, வாத்தியாரும் இல்லை. வீடு தீப்பிடித்தாலும் முதலில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

ஓடைக்குப் பாலம் வந்த வருசம் முத்துவுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் முகம் சரியில்லை.

"பரீட்சை வச்சுப் பார்ப்பாராம். வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிஞ்சா மூத்தவன ஆறாப்புல சேத்துக்கிறாராம். தெரியலேன்னா ஒண்ணாப்புலதான் ஒக்காரணுமாம்."

"பதினோரு வயசுப் பயலா? ஒண்ணாப்புலயா?"

"பக்கத்துலயே பாண்டி ஒக்காருவான்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த முத்துவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்போதே மீசை வந்துவிட்டதா என்று கண்ணாடி பார்க்கிற பயல். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு மணலில் அ எழுதவா போவான்? ஒரே நாளில் நின்றுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பரீட்சை அவனுக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான்.

நல்ல நாள் என்று வீட்டுக்காரர் பார்த்தது வெள்ளிக்கிழமை.

"நீயும் வா புள்ள. வாத்தியார் ஏதாச்சும் கேட்டா நீதானே சொல்லணும்."

"அம்புட்டு ஆம்பளைக முன்னாடி நான் என்னத்தப் பேசுவேன்? நீங்களே கூட்டிட்டுப் போங்க. அதுகளுக்கு எல்லாம் தெரியும்." உண்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து வருசம் குத்திய கம்பு. எங்கே போய்விடும்?

அவர்கள் கிளம்பியதும் எண்ணெயைக் காய்ச்சினேன். வீட்டிலேயே கிழிசல் சேலை எதுவோ அதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கத்தைவிட இரண்டு கரண்டி எண்ணெய் கூடவே வைத்தேன். (பிள்ளை ஆறாப்புப் போகிறானே என்ற சந்தோஷத்தில்.)

பாதி ஊறியிருப்பேன். சைக்கிள் வந்து வேலியில் மோதுகிற சத்தம்.

"புள்ள! கெளம்பு! ஒலக்கைய எடு!"

"என்னங்க, யாரு கூட சண்ட?"

"சண்டையெல்லாம் இல்ல. வாசிக்கச் சொன்னாரு, மூணு பயலுகளும் பொளந்து கட்டிட்டானுக. வாய்ப்பாடு கேட்டாரு. வாயத் தெறக்கலையே! பெரியவன் கல்லு மாதிரி நிக்கிறான். ஏன்டான்னா, 'ஒலக்க இல்லாம வராது சார்'ங்கிறான்!"

எனக்கு எண்ணெய் குளிர்ந்துவிட்டது.

"வாத்தியாரு என்னப் பாத்து, 'ஏம்ப்பா, உன் சம்சாரம் பிள்ளைகள ஒலக்கையாலயா அடிச்சிச்சு?'ங்கிறாரு. எனக்கு மானம் போச்சு. அங்க சோறாக்குற கொட்டகையில ஒரு ஒலக்க கெடந்துச்சு. எடுத்து நானே போட்டுப் பாத்தேன். 'அய்யா, இது ணங்குன்னு சொல்லல'ங்கிறான் நடுவுளான். மத்தியான மணிக்குள்ள ஒன்னையக் கூட்டிட்டு வாரேன்னு கெஞ்சிட்டு வந்திருக்கேன். ஏறு!"

"தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வாரேங்க. சேலைய மாத்தணும்ங்க."

"மணியடிச்சா பய ஒண்ணாப்பு!"

ஏறினேன். அதுவரைக்கும் நான் சைக்கிள் பின்னால் உட்கார்ந்ததே கிடையாது. உலக்கையைக் குறுக்கே மடியில் வைத்தேன். பாதையின் இரண்டு பக்கமும் இருந்த வேலிமுள் எல்லாம் எங்களோடு வந்தது. அடுத்து எதிரே வந்த ஒரு கழுதை மயிரிழையில் தப்பியது. "நிமித்திப் பிடி!" என்று அவர் கத்தினார். கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ராமாயி கூப்பிட்டாள்.

"என்ன மதினி, யார அடிக்கப் போறீக?"

"வாத்தியார அடிக்கவாத்தா?" என்று இன்னொருத்தி கேட்டாள். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். நான் உலக்கைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். (அந்த வயதில் நானும் ஏறக்குறைய உலக்கைப் பருமன்தான். பாதி முகமாவது மறைந்திருக்கும்.)

பள்ளிக்கூட வாசலில் வேப்பமரம். அதற்கடியில் நாற்காலி போட்டு, பொடி டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டு பெரிய வாத்தியார். அவர் முன்னால் என் பிள்ளைகள் மூன்று பேர். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். நான் இறங்கிய இடத்திலேயே பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பிளக்கவில்லை. திண்டுக்கல் பக்கம் மண் கெட்டி.

"நீங்கதான் அம்மாவா?" என்றார் வாத்தியார். அவருடைய பார்வை என் தலைக்கும் உலக்கைக்குமாகப் போய்ப்போய் வந்தது. "தலையில என்னம்மா?"

"எண்ணெய்ங்க. வெள்ளிக்கிழமைங்க," என்றார் வீட்டுக்காரர் எனக்காக.

உரல் சோறாக்குகிற கொட்டகை வாசலில், மரத்துக்கு நேர் எதிரே கிடந்தது. போய் நின்றேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. வெறும் உரலில் உலக்கை போடக் கூடாது. அது வீட்டுக்கு ஆகாது என்று என் தாய் சொல்லி வளர்த்திருந்தாள். அவ்வளவு அவசரத்திலும், பிள்ளையின் படிப்பே போகிற நேரத்திலும், எனக்கு அது பெரிதாகப் பட்டது. சமையல்கார அக்காவிடம் கிசுகிசுத்தேன்.

"அக்கா, எதாச்சும் தானியம் இருந்தா ரெண்டு பிடி போடுங்க."

"தானியத்துக்கு எங்க தாயி போவேன்? சாம்பாருக்கு மொளகா இடிக்கணும். அதப் போடுறேன், இடி. எனக்கும் வேல மிச்சம்."

ஒரு முறம் காய்ந்த மிளகாயைக் கொட்டினாள். மூளை இருக்கிற எவளும் அந்த இடத்தில் யோசித்திருப்பாள். எனக்குக் கண்ணில் எண்ணெய். கையில் எடுத்தாயிற்று, போட்டாயிற்று.

தொம். ணங்.

முத்துவின் முதுகு நிமிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மூன்று பேர் முகத்திலும் விளக்கேற்றிய மாதிரி ஒரு வெளிச்சம். எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார் வாத்தியார்.

"ஓரெட்டு எட்டு! ஈரெட்டு பதினாறு! மூவெட்டு இருபத்து நாலு!"

எனக்கு உச்சி குளிர்ந்தது. உலக்கையை ஒரு சாண் உயர்த்திப் போட்டேன். மிளகாய் நெடி மெதுவாக எழுந்தது.

"ஆறெட்டு நாற்பத்தெட்டு! ஏழெட்டு ஐம்பத்தாறு, ச்சூ, கோழி! ஒன்னையக் கொழம்பு வைக்க!"

வாத்தியார் குனிந்து நாற்காலிக்கு அடியில் கோழியைத் தேடினார். அங்கே ஏது கோழி?

எனக்குத்தான் தெரியும் அது எந்தக் கோழி என்று. உரலிலிருந்து சிதறுகிற கம்பைப் பொறுக்க, ஏழாவது எட்டாவது குத்துக்குச் சரியாக வந்து நிற்கும் எங்கள் வீட்டுச் செவலைக் கோழி. நான் விரட்டுவேன். சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும் என்பதுதானே சட்டம்? சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வருசமாக அது என் காதில் ஏறவே இல்லை. என் பேச்சுத்தானே என்று விட்டிருக்கிறேன்.

நிறுத்தவும் முடியாது. உலக்கை நின்றால் பையன் நின்றுவிடுவான்.

"எட்டெட்டு அறுபத்து நாலு, அடேய் பாண்டி, தண்ணி கொதிக்குதா பாரு!"

சொல்லி முடிப்பதற்குள் பாண்டி எழுந்து ஓடினான். வாத்தியாரைத் தாண்டி, என்னைத் தாண்டி, கொட்டகைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பழைய இடத்தில் நின்றுகொண்டு, "கொதிக்குது ஆத்தா!" என்றான். உள்ளே உலை உண்மையிலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

ஜன்னல் எல்லாம் சிரித்தது. முதல் தும்மல் நாலாம் வகுப்பிலிருந்து வந்தது. அப்புறம் மூன்றாம் வகுப்பு. அப்புறம் எது எந்த வகுப்பு என்றே தெரியவில்லை.

வாத்தியார் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பன்னெண்டு சொல்லு," என்றார். நான் உலக்கையைப் பிடித்தபடியே எல்லா சாமியையும் கும்பிட்டேன். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் நான் என்ன சொல்லியிருந்தேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. முத்துவுக்கு இருந்தது.

"ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலு, ஒங்கய்யா எங்கதான் போயித் தொலைஞ்சாரோ, சோறு ஆறுது!"

அந்த 'ஒங்கய்யா' வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையை ஐம்பது வருசம் கழித்தும் மறந்துவிட முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

"போதும்!" பொடி போட்டே பழகிய மூக்கு, மிளகாயிடம் தோற்றுவிட்டது. வாத்தியார் ஏழெட்டுத் தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார். "அம்மா, வாய்ப்பாடு இருக்கு. இல்லேங்கல. ஆனா இது ஒலக்க சொல்ற வாய்ப்பாடு. ஒலக்க நின்னா பையன் நின்னுருவான். ஆறாப்புல ஒரல் போட எனக்கு இடம் கெடையாது. அதனால..."

அதனால் என்று அவர் இழுத்ததும் முத்து தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தலையைப் பார்த்தேன். எங்கிருந்து வந்ததோ என் குரல், எனக்கே அது புதிதாக இருந்தது.

"நிக்க மாட்டான் சார். நீங்க கணக்கக் கேளுங்க. நான் இடிக்கிறேன்."

அந்நிய ஆம்பிளையிடம் நான் முதன்முதலாக முழுசாகப் பேசிய பேச்சு அதுதான். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வண்டிக்குப் பதினாலு மூட்டை. ஒன்பது வண்டிக்கு எத்தனை?" என்றார்.

தொம். ணங். முத்து முணுமுணுக்கத் தொடங்கினான். (பதினாலாம் வாய்ப்பாடு படித்த மாதம் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தப்பித்தேன்.) மூன்றாவது வரியில் உலக்கையை மெதுவாகப் போட்டேன். நாலாவது வரியில் இன்னும் மெதுவாக. ஐந்தாவதில் தொம் மட்டும் லேசாகக் கேட்டது, ணங் இல்லை. ஆறாவதில் உலக்கையைத் தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டேன். எண்ணெய்க் கையில் வழுக்கியது. போடவில்லை.

"ஏழு பதினாலு தொண்ணூத்தெட்டு," என்றான் முத்து. கண்ணை மூடியிருந்தான். அவன் கால் பெருவிரல் மண்ணில் தட்டிக்கொண்டிருந்தது. "எட்டுப் பதினாலு நூத்திப் பன்னெண்டு. ஒன்பது பதினாலு... நூத்தி இருபத்தாறு மூட்டை சார்."

கண்ணைத் திறந்து பார்த்தான். உலக்கை அந்தரத்தில் நின்றது.

வாத்தியார் அவனுடைய பெருவிரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரிதாக ஒரு தும்மல் போட்டார். "சேத்துக்கிறேன்மா. மூணு பேரையும் சேத்துக்கிறேன். பெரியவன் ஆறாப்பு. நீங்க அந்த ஒலக்கைய மட்டும் இனிமே இந்தப் பக்கம் கொண்டாராதீங்க." அப்போதுதான் மத்தியான மணி அடித்தது. அடித்தவனும் தும்மிக்கொண்டே அடித்ததால் அது வழக்கத்தைவிட நாலு மணி கூடுதலாக அடித்தது.

ஜெயித்த சந்தோஷம் பாலம் தாண்டும் வரைக்கும்தான். எண்ணெய்த் தலையில் மிளகாய்த் தூள் படிந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்னும் களை எடுத்துக்கொண்டிருந்த ராமாயி, "என்ன மதினி, தலையெல்லாம் செவப்பா இருக்கு? வாத்தியாருக்கு ரத்தமா?" என்று ஓடி வந்தாள். பதில் சொல்ல முடியாமல் நான் கத்திய கத்தில் அவள் நிஜமென்றே நம்பிவிட்டாள். வீட்டில் இரண்டு சட்டி மோரைத் தலையில் ஊற்றினார் வீட்டுக்காரர். ஊற்றும்போது, "சோறு ஆறுதாமுல்ல," என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்.

ராமாயி கிளப்பிவிட்ட புரளி நாலு ஊருக்குப் போனது. அந்தப் பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகள் படித்து முடிக்கிற வரைக்கும் எந்த வாத்தியாரும் அவர்கள் மேல் பிரம்பை ஓங்கியதில்லை. (பயமா, மரியாதையா, நான் கேட்டுக்கொள்ளவில்லை.)

முத்து படித்து, அரசாங்க வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டான். கல்யாணமான புதிதில் என் மருமகள் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள், "அத்த, அவுக கணக்குப் போடும்போது ஏன் தரைய ஒதைக்கிறாக?" சொன்னேன். அன்றிலிருந்து இது வீட்டுக் கதையாகிவிட்டது. அவனுக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு வயது ஆன அன்றைக்கு ஒருத்தரும் வாழ்த்துச் சொல்லவில்லை. அவன் வாசலில் வந்து நின்றதும் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சேர்ந்து "ச்சூ, கோழி!" என்று விரட்டினார்கள். அதில் என் சத்தம்தான் பெரிசு என்று சொல்கிறார்கள். இருக்கலாம்.

அப்புறம் எட்டு வருசம் எல்லோரும் அதை மறந்துவிட்டதாகத்தான் நான் நினைத்தேன். அவனுக்கு அறுபத்து நாலு ஆன அன்றைக்கு விடிகாலையில் டெலிபோன் அடித்தது. முத்து எடுத்தான். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது, வெளியூரில் இருக்கிற பாண்டி. அவனுக்கே தலை முழுக்க நரைத்துவிட்டது. ஹலோகூடச் சொல்லவில்லை.

"அண்ணே," என்றான், "போயிப் பாத்துட்டேன். கொதிக்குது."